எஸ்தாக்கியின் புத்தகங்கள் கடலுக்குப் போன வருடம்

சிப்பித்துறையில் வாடைக்காற்று வரத் தாமதித்த வருடம் ஒன்று உண்டு. சாளைக்கூட்டம் கரையை விட்டு நகராமல் சுற்றிக்கொண்டே இருந்த வருடம், மாதா கோயில் கொடிமரத்துக்கு அடித்த வர்ணம் காயும் முன்னே காகங்கள் அதன்மேல் கால் பதித்துவிட்டுப் போன வருடம், ஐஸ் லாரிக்காரர்கள் ஊருக்குத் திரும்ப மனமில்லாமல் டீக்கடை பெஞ்சிலேயே படுத்து எழுந்த வருடம். அந்த வருடத்தில்தான் எஞ்சின் மெக்கானிக் எஸ்தாக்கியின் புத்தகங்கள் கடலுக்குப் போயின.

எஸ்தாக்கி கடலுக்குப் போகாதவன். மீசை முளைக்கும் முன் அவனுடைய அப்பன் அவனை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போனான். கோயில் கோபுரம் கண்ணுக்கு மறையும் முன்பே பையனுக்குக் குடல் வாய்க்கு வந்துவிட்டது, பச்சையாக வந்தது, பிறகு மஞ்சளாக வந்தது, பிறகு ஒன்றும் வராமல் வெறும் சத்தம் மட்டும் வந்தது. அப்பன் வலையை இறக்காமலேயே வள்ளத்தைத் திருப்பினான். மகனைக் கரையில் இறக்கிவிட்டு, ஒரு வார்த்தையும் சொல்லாமல் மறுபடி கடலுக்குள் போனான். திட்டியிருந்தால் எஸ்தாக்கி மறந்திருப்பான். திட்டாததால் அந்த முதுகு அவன் கண்ணிலேயே நின்றுவிட்டது. ஊர் அவனுக்குக் கரைநண்டு என்று பேர் வைத்தது. அவன் எஞ்சின் வேலை கற்றுக்கொண்டான். மற்றவர்களைக் கடலுக்கு அனுப்புகிற வேலை.

ஆனால் கடல் இல்லாத வீடு அவனுக்கு வீடாகத் தோன்றவில்லை. ஆகவே கடலைப் புத்தகம் புத்தகமாக வீட்டுக்குக் கொண்டுவரத் தொடங்கினான். ஸ்பேர் பார்ட்ஸ் வாங்கத் தூத்துக்குடிக்குப் போகிற ஒவ்வொரு முறையும் பழைய பேப்பர் கடைகளில் குனிந்து தேடினான், கிரீஸ் கையைச் சட்டையில் துடைத்துத் துடைத்துத் தேடினான், மீன்பிடி பற்றியது என்றால் எந்த மொழியில் இருந்தாலும் எடுத்தான். அரசாங்கம் அச்சடித்து யாரும் பிரிக்காமலே கிடந்த மெல்லிய வெளியீடுகள், வலைக்கண்ணின் அளவு பற்றி மலையாளத்தில் ஒன்று, ஐஸ் தரையில் ஓட்டை போட்டு அதற்குள் தூண்டில் விட்டு உட்கார்ந்திருக்கும் மனிதர்களின் படம் போட்ட ஒன்று, இறகை நூலால் சுற்றி ஈயைப்போலச் செய்து ஆற்று மீனை ஏமாற்றும் வெள்ளைக்காரர்களைப் பற்றித் தடியாக ஒன்று. தமிழை எழுத்தாகப் படித்தான். மற்றதையெல்லாம், எஞ்சின் படத்தைப் படிக்கிற மாதிரி, படமாகப் படித்தான்.

அவன் மனைவி ஞானப்பூ கூடையில் மீன் கொண்டுபோய் பஸ் ஏறி கடலை விட்டுத் தள்ளியிருக்கும் ஊர்களில் விற்கிறவள். "மத்தவ வீட்ல மீன் நாறுது. என் வீட்ல மீனைப் பத்தி எழுதினவன்லாம் நாறுதான்" என்று பஸ்ஸில் எல்லாரும் கேட்கச் சொல்வாள். ஆனால் மழைக்காலத்தில் கூரை ஒழுகினால் முதலில் அலமாரிமேல் தார்ப்பாயை இழுத்து மூடுகிறவள் அவள்தான்.

அலமாரியை உடைந்த வள்ளத்துப் பலகைகளால் அவனே செய்தான். சுவரின் அடியிலிருந்து கூரைவரைக்கும் நின்றது. மாதா கோயில் வேலைகளைப் பார்க்கிற கோயில்பிள்ளை வந்து பார்த்துவிட்டு, அகர வரிசையில் அடுக்கினால் தேட வசதியாக இருக்கும் என்றார். "திருக்கையும் சாளையும் எந்த ஊர்லண்ணே அகர வரிசையில நீந்துது?" என்று கேட்டான் எஸ்தாக்கி. அவன் ஆழப்படி அடுக்கினான். நண்டு, நாக்குமீன், திருக்கை என்று மண்ணில் கிடப்பவை அடித்தட்டில். பாறையிடுக்கு மீன்கள் அதற்கு மேல். சுறாவும் சீலாவும் நடுவில். அயிலையும் சாளையும் அதற்கு மேல். எல்லாவற்றுக்கும் மேலே, கடலின் மேல்தோலில் இருப்பவற்றுக்கான தட்டில், கையகல இடம் மட்டும் வருடக்கணக்கில் காலியாகக் கிடந்தது. தண்ணீருக்கு மேலே பறக்கிற பறவைக்கோலா மீனைப் பற்றிய சிறு புத்தகம் ஒன்று கிடைத்து அதை அங்கே சொருகியபோது அலமாரி இடுக்கில்லாமல் நிறைந்தது. பிறகு ஊர் பேசிக்கொண்டது இதைத்தான்: கடலை அடுக்குகிறவன் கொஞ்சம் இடம் விட்டு அடுக்கியிருக்க வேண்டும்.

அந்தப் புத்தகத்தைச் சொருகிய மறுநாள் காலை, கடல் ஏறி வந்த நேரத்தில், எஸ்தாக்கி முற்றத்தில் ஓர் எஞ்சினின் வயிற்றுக்குள் கைவிட்டுக் கொண்டிருந்தான். ஞானப்பூ கூடைக்குச் சும்மாடு சுற்றிக்கொண்டிருந்தாள்.

"இங்கேருங்க, உங்க சாளை வெளிய போவுது."

"எந்தச் சாளை?"

"மேல்தட்டுச் சாளை. எல்லாம் சேர்ந்துதான் போவுது, வந்து பாருங்க."

அவன் திரும்பிப் பார்க்கும்போது மெல்லிய வெளியீடுகள் ஒரே கூட்டமாக, ஒன்று திரும்பினால் எல்லாம் திரும்பி, வாசல்நிலையைத் தாண்டி முற்றத்து மணலில் மினுங்கிக்கொண்டு போயின. அவற்றுக்குப் பின்னால் அயிலைப் புத்தகங்கள் போயின. விலாங்கைப் பற்றிய புத்தகம் சாத்திய சமையற்கட்டுக் கதவுக்கு அடியில் நுழைந்து, அந்தப் பக்கம் ஒன்றுமில்லை என்று கண்டு, அதே வழியாகத் திரும்பி வந்தது. நண்டுப் புத்தகங்கள் பக்கவாட்டில் போயின. சுறாவைப் பற்றிய தடித்த புத்தகம் அவசரப்படாமல் கடைசியில் போனது. வழியில் நின்ற கோழிகள் அதற்கு ஒதுங்கி இடம் விட்டன. ஞானப்பூ கூடையைக் கவிழ்த்து அதை அமுக்கப் பார்த்தாள். அது கூடையையும் சுமந்துகொண்டு கொஞ்ச தூரம் போய், உதறிவிட்டு, தண்ணீருக்குள் இறங்கியது.

எஸ்தாக்கி ஓடினான். கணுக்கால் நனைந்தது, முழங்கால் நனைந்தது, இடுப்பு நனைந்தது. ஓர் அலை அவனைத் தூக்கி இறக்கியது. அவ்வளவுதான், வாய்க்குள் புளித்த நீர் ஊறியது, அடிவானம் சாய்ந்தது, அவன் கையும் காலுமாகக் கரைக்குத் தவழ்ந்து வந்தான். திரும்பிப் பார்த்தபோது கடல் எப்போதும்போல இருந்தது, தூரத்தில் ஒரு பறவைக்கோலா எழும்பி நீண்ட நேரம் பறந்து விழுந்ததைத் தவிர. அதற்கு அட்டை இருந்தது.

அன்றைக்கே கஸ்பார் சம்மாட்டியின் வலையில் சாளையோடு சாளையாக எஸ்தாக்கியின் புத்தகங்கள் ஏறின. கஸ்பார் துறையில் பெரிய வள்ளக்காரர், வாயும் பெரியது, கை சுத்தம். எஸ்தாக்கி கோயில் முன்னே கூடிய ஊர்க் கமிட்டியில் போய் நின்றான்.

"கஸ்பாரண்ணே, அது என் வீட்டுப் புத்தகம்."

"உம்ம அலமாரியில நிக்கும்போது உம்ம புத்தகம்வே. என் வலையில துள்ளும்போது என் மீன்."

"அதுல என் பேர் எழுதியிருக்கு."

"என் மாப்ள கடல்ல தொலைச்ச மோதிரம் பக்கத்து ஊர்க்காரன் பிடிச்ச சுறா வயித்துல இருந்துச்சு. அதுலயும் பேர் வெட்டியிருந்துச்சு. குடுத்தானா?"

கூட்டம் சிரித்தது. ஊர்த் தலைவர் ரொசாரி சிரிக்கவில்லை. அவர் எஞ்சினுக்கும் எஸ்தாக்கிதான் மெக்கானிக். ஆனால் அவராலும் வேறு சொல்ல முடியவில்லை. கடலில் நீந்துவது வலைக்காரனுக்கு, வள்ளத்தில் போனவனுக்குப் பங்கு, போகாதவனுக்கு இல்லை. சிப்பித்துறையில் கோயில் கட்டும் முன்பே இருந்த நியாயம் அது.

ஊர் அந்த அதிசயத்தை ஒரு வாரத்துக்குள் ஜீரணித்துவிட்டது. அட்டையைத் தூக்கி உள்பக்கம் நிறம் பார்த்து, பெருவிரலால் தாளை அமுக்கிப் பார்த்து, பழசா புதுசா என்று பெண்கள் சொல்லக் கற்றுக்கொண்டார்கள். மெல்லியதற்குச் சாளை வலை போதும், தடித்ததற்குச் சீலா வலை வேண்டும் என்று ஆண்கள் பிரித்துக்கொண்டார்கள். நடுவில் பிளந்து, உப்புத் தடவி, கொடிக்கயிற்றில் காயப்போட்ட புத்தகங்கள் தெருவெல்லாம் தொங்கின. பூனைகள் அவற்றின் அடியில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தன. ஒரு வீட்டில் ஐஸ் தேசத்துப் புத்தகத்தைப் புளி விட்டுக் குழம்பு வைத்தார்கள். சாப்பிட்டவர்கள் அந்த வெயிலிலும் போர்வை கேட்டார்கள். இறைச்சி விலக்கும் வெள்ளிக்கிழமை இதைச் சாப்பிடலாமா என்று பங்குச் சாமியாரிடம் போய்க் கேட்டார்கள்.

"செதில் இருக்கா?" என்றார் சாமியார்.

"அட்டைதான் இருக்கு சாமி."

"அப்போ நண்டு மாதிரின்னு வச்சுக்குங்க. சாப்பிடலாம்."

ஐஸ் லாரிகள் முதல் கூடைகளை ஏற்றிக்கொண்டு போயின. எஸ்தாக்கி ரோட்டோரம் நின்று பார்த்தான். வலைக்கண் பற்றிய மலையாளப் புத்தகம் ஐஸ்கட்டிகளுக்கு நடுவே முதுகைக் காட்டிக்கொண்டு, தன் சொந்த ஊர்ப் பக்கமே போனது. அதை நினைத்து அவனால் கோபப்பட முடியவில்லை. ஆனால் மீதியை விட முடியாது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தான். காற்றைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள்: வாடை எழுந்ததும் கூட்டம் நகர்ந்துவிடும், அப்புறம் எந்த வலைக்கும் அகப்படாது.

"எஞ்சினைத் தொட மாட்டேன்னு உட்காருங்க" என்றாள் ஞானப்பூ. "ஒருத்தனும் கடலுக்குப் போக முடியாது. புத்தகம் தன்னால வீட்டுக்கு வரும்."

"நான் தொடாம விட்டு எவனாவது எஞ்சின் நின்னு நடுக்கடல்ல கெடந்தா?"

"அப்போ என்னதான் செய்யப் போறிய?"

"போகப் போறேன்."

அவள் சும்மாட்டைக் கையிலேயே பிடித்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். "எங்க?" என்று கேட்கவில்லை.

எஸ்தாக்கியின் முற்றத்தில், சாக்கு போட்டு மூடி, ஓர் எஞ்சின் இருந்தது. செத்துப்போன எஞ்சின்களின் உயிருள்ள பாகங்களைச் சேர்த்துச் சேர்த்து அவன் கட்டியது. இரண்டு ஆள் தூக்கும் கனம். ஆனால் அந்தக் கரையில் அதை மிஞ்சுகிற ஓட்டம் எதற்கும் இல்லை. பல பேர் விலைக்குக் கேட்டிருக்கிறார்கள், கஸ்பார் எல்லாரையும்விட அதிகமுறை கேட்டிருக்கிறார். அதை இருவராகத் தூக்கிக்கொண்டு போய் அவர் வள்ளத்தருகே மணலில் வைத்தார்கள் எஸ்தாக்கியும் அவன் மைத்துனன் சிலுவைராசுவும்.

"விக்கப் போறீராவே?"

"விக்கல. மாட்டிக்குங்க. என் எஞ்சின் போனா நானும் போகணும். ஆள் பங்கு ஒண்ணு, எஞ்சின் பங்கு ஒண்ணு."

கஸ்பார் எஞ்சினைப் பார்த்தார், எஸ்தாக்கியின் முகத்தைப் பார்த்தார், மறுபடி எஞ்சினைப் பார்த்தார். "வாந்தி எடுத்தா என் மேல எடுக்கப்படாது."

வள்ளம் விடியலில் இறங்கியது. கோபுரம் மறையும்வரை எஸ்தாக்கி பல்லைக் கடித்துக்கொண்டு எஞ்சின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தான், அந்தச் சத்தத்துக்குள் ஒரு பிழையும் இல்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தான், கோபுரம் மறைந்தது, அதற்குப் பிறகு அவனால் எதையும் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

"மச்சான், இது காலையில தின்ன புட்டு" என்றான் சிலுவைராசு, வள்ளத்து விளிம்பில் தொங்கிய அவன் முதுகைத் தட்டியபடி. "இந்தா, இது நேத்து ராத்திரிக் கஞ்சி. அக்கா வச்ச மாங்கா ஊறுகாய் கூட வந்துருச்சு. இனி கல்யாணச் சாப்பாடுதான் பாக்கி."

"திருப்பவா?" என்று கேட்டார் கஸ்பார். கேலியாகக் கேட்கவில்லை.

எஸ்தாக்கி தலையை அசைத்தான். "திருப்பாதீங்க" என்று சொல்ல வாயைத் திறந்தான். வாய் வேறு வேலை செய்தது.

அப்போதுதான் தண்ணீர் கறுத்தது. வாந்திக்கு மீன் கூடும் என்பது எல்லாக் கடல்காரனும் அறிந்தது; இவ்வளவு கூடும் என்று யாரும் அறிந்ததில்லை. முதலில் மெல்லியவை வந்தன, பக்கங்களைச் சிமிட்டிக்கொண்டு, பிறகு அயிலைகள், பாறை மீன்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன, திருக்கைப் புத்தகங்கள் விரித்தபடியே அடியிலிருந்து மேலேறின, எல்லாவற்றுக்கும் கீழே சுறாப் புத்தகத்தின் அகன்ற நிழல் வள்ளத்தை ஒருமுறை சுற்றி வந்தது. "இறக்குங்கலே!" என்று கத்தினார் கஸ்பார். வலை போனது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. கைகள் மாற்றி மாற்றி இழுத்தன. எஸ்தாக்கியும் இழுத்தான். இழுத்து, திரும்பி, விளிம்பில் தலையைத் தொங்கவிட்டு, வாயைத் துடைத்து, மறுபடி கயிற்றைப் பிடித்தான்.

மீன் வேறு, புத்தகம் வேறு என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. நீந்துகிறவரை நனையாத தாள்கள் வள்ளத்துக்குள் அடங்கியதும், பிறந்த நாளிலிருந்து தண்ணீரே காணாதவைபோல, வள்ளத்தடியில் தேங்கிய தண்ணீரைக் குடிக்கத் தொடங்கின. குடிக்கக் குடிக்கக் கனத்தன. பின்பக்கம் தாழ்ந்தது. ஓர் அலை உள்ளே எட்டிப் பார்த்தது, அடுத்தது உள்ளே வந்தது. அதையும் புத்தகங்கள் குடித்தன.

"எறியணும்" என்றார் கஸ்பார்.

வள்ளம் தாழும்போது உயிர் காக்க எதை எறிந்தாலும், எறிந்த பொருளுக்குரியவனுக்கு, காப்பாற்றிக் கரை சேர்த்ததிலிருந்து ஈடு கொடுக்க வேண்டும் என்பது துறை நியாயம். பிடித்த மீனை எறிந்தால் யாருக்கும் ஈடு இல்லை. அது கரையேறிப் பங்கு பிரிக்கும்வரை யாருடையதும் இல்லை. ஆகவே எல்லாருடைய கையும் புத்தகங்களிடம்தான் போனது. சிலுவைராசு சுறாப் புத்தகத்தை இரண்டு கையாலும் தூக்கினான். "மச்சான், மன்னிச்சுக்கிடுங்க. உசுரு முக்கியம்."

"கீழ வை."

"மச்சான்..."

"வைலே கீழ!" அந்தக் குரலை ஊர் அதற்கு முன் கேட்டதில்லை. எஸ்தாக்கி பின்பக்கம் தவழ்ந்து போனான். இடுப்பிலிருந்து ஸ்பேனரை எடுத்தான். அவன் என்ன செய்கிறான் என்று மற்றவர்களுக்குப் புரிவதற்குள் முதல் நட்டு கழன்றுவிட்டது. "வேய், பைத்தியமா பிடிச்சிருக்கு?" என்று கஸ்பார் எழுந்து வருவதற்குள் கடைசி நட்டும் கழன்றது. தன் கையால் கட்டிய எஞ்சினை எஸ்தாக்கி மார்போடு அணைத்து, விளிம்புமேல் சாய்த்து, ஒருக்களித்து, விட்டான். அது ஒரே ஒரு சத்தம் போட்டது. வள்ளத்தின் பின்பக்கம், பெருமூச்சு விட்டதுபோல, மேலே எழுந்தது.

கரை கண்ணுக்குத் தெரியவில்லை. காற்றுக்குக் கட்டும் பாயும் எடுத்து வரவில்லை.

"துடுப்பைக் குடுங்க" என்றான் எஸ்தாக்கி.

அவர்கள் தண்டு வலித்தார்கள். சூரியன் உச்சியிலிருந்து இறங்கி முதுகுக்கு வரும்வரை வலித்தார்கள், கஸ்பார் எஸ்தாக்கியின் ஏழு தலைமுறையையும் பேர் சொல்லித் திட்டிக்கொண்டே வலித்தார், சிலுவைராசு அக்காளுக்கு என்ன பதில் சொல்வது என்று புலம்பிக்கொண்டே வலித்தான், எஸ்தாக்கி வலித்தான், வாந்தி எடுத்தான், வலித்தான். மற்றவர்கள் மாற்றி மாற்றி ஓய்வெடுத்தார்கள். அவனைத் துடுப்பை விடச் சொன்னபோது அவன் விடவில்லை. கோபுரம் தெரிந்தபோது முதலில் பார்த்தவன் அவன்தான். வாயில் ஒன்றும் மிச்சமில்லாததால் அதைச் சொல்லவில்லை.

அந்திவெயிலில் கரையே கூடி நின்றது. நனைந்த புத்தகங்கள் மணலில் மலையாகக் குவிந்தன. கஸ்பார் அங்கேயே வழக்கு வைத்தார்.

"நாங்க புத்தகத்தை எறியச் சொன்னோம். இவரு கேக்காம எஞ்சினை எறிஞ்சாரு. இதுக்கு என்ன ஈடு?"

ரொசாரி யோசித்தார். "வள்ளம் தாழ்ந்துச்சா?"

"தாழ்ந்துச்சு."

"எறிஞ்சதும் எழும்புச்சா?"

"எழும்புச்சு."

"எறிஞ்சது யார் பொருள்?"

"அவரு பொருள்தான்."

"அந்த எஞ்சினுக்கு இந்தக் குவியல் ஈடாகுமா?"

அந்த எஞ்சினை அறியாதவர்கள் அங்கே இல்லை. இப்படி நாலு குவியல் இருந்தாலும் ஈடாகாது.

கஸ்பார் எஸ்தாக்கியின் பக்கம் திரும்பினார். "கணக்குப் போட்டுத்தான் எறிஞ்சீராவே?"

எஸ்தாக்கி நின்றுகொண்டிருந்ததே சிலுவைராசுவின் தோளில்தான்.

"சரி" என்றார் கஸ்பார். "உமக்கு எதிரா நான் பேசின நியாயம்தான் இதுவும். எனக்கு மட்டும் வேற கடலா இருக்கு? குவியல் முழுக்க எடுத்துக்கிடும்."

"கறிமீன் எடுக்காம யாரும் போகப்படாது" என்றான் எஸ்தாக்கி. பங்கு பிரிக்கும் முன் வள்ளத்தில் போன ஒவ்வொருவனும் வீட்டுக் குழம்புக்கு என்று ஒரு மீன் எடுத்துக்கொள்வது வழக்கம். அவர்கள் தயங்கித் தயங்கி எடுத்தார்கள். கஸ்பார் குவியலைச் சுற்றி வந்து, இறகால் ஈ செய்கிற வெள்ளைக்காரர்களின் புத்தகத்தை எடுத்து, அட்டையைத் தூக்கிப் பார்த்து, பெருவிரலால் அமுக்கிப் பார்த்து, அக்குளில் இடுக்கிக்கொண்டு போனார். "குழம்பு வச்சுராதீங்கண்ணே" என்றான் சிலுவைராசு. "போலே, படிக்கத்தான்" என்றார் அவர், திரும்பாமல்.

வாடைக்காற்று மறுநாள் எழுந்தது. பிடிபடாத புத்தகங்கள் அதோடு போயின. பறவைக்கோலாவும் அவற்றில் ஒன்று.

ஞானப்பூ வீட்டுக்குள் கயிறு கட்டி ஒவ்வொன்றாகக் காயப்போட்டாள். காய்ந்ததை அலமாரியில் ஏற்றினாள். ஆங்காங்கே தட்டுகள் பல் விழுந்த வாய்போல இருந்தன. எஸ்தாக்கியின் இரண்டு உள்ளங்கையும் தோல் உரிந்து, தேங்காய் எண்ணெய் தடவிய வாழையிலைக்குள் கிடந்தன. இனிப் பிழைப்புக்கு அடுத்தவன் எஞ்சின்தான், அதைத் தொடவும் கை ஆற வேண்டும். அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். சுறாப் புத்தகத்தை அவள் தன் மடியில் வைத்து, ஒட்டிக்கொண்ட தாள்களை மீன் தோல் உரிக்கிற பக்குவத்தோடு ஒவ்வொன்றாகப் பிரித்து, அவனுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"திரும்பவும் எறங்கிப் போயிருச்சுன்னா?"

"நானும் போவேன்."

"எஞ்சின் இல்லாமயா?"

"தண்டு வலிக்கத் தெரியும்ல."

அவள் அந்தக் கைகளைப் பார்த்தாள். "அந்த வாந்தி?"

"அதுவும் வரும்" என்றான் எஸ்தாக்கி. "நீ பக்கத்தைத் திருப்பு."